இன்று காலமானார்

புதுப்பட்டினம் நிறுத்தத்தில் பிரபாவதி பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. பிற்பகல்தான். ஆனாலும் கடற்கரைச் சாலையில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. சவுக்குத் தோப்புக்குள் ஒதுங்கியிருந்த பழைய பங்களாவை நோக்கி நடந்தாள். ‘கரையோரம் டாட் காம்’ என்ற இணையப் பத்திரிகையின் ஆபீஸ் அங்கேதான் இருந்தது. போன மாதம்வரை, அந்த இரண்டாயிரமாம் ஆண்டு ஐப்பசிவரை, அவள் கணவன் தமிழ்வாணன் அதை உருவாக்கிக்கொண்டிருந்தான்.

வாசலில், அங்கே கூட்டிப் பெருக்கும் பூவாயி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

“சாவி குடு பூவாயி.”

“சாவி எதுக்கும்மா? உள்ள ஆள் கீதே. காலையிலேர்ந்து கம்ப்யூட்டர் பொட்டிய தட்டிக்கினே கீது.”

“ஜெபா அதுக்குள்ள வந்துட்டாரா?”

“அந்தத் தம்பியா? அதோ, இப்பத்தான் வந்துகினு கீது.”

தமிழ்வாணனின் கூட்டாளி ஜெபகுமாரின் பைக் அப்போதுதான் சாலையிலிருந்து திரும்பியது.

பூட்டு அப்படியே தொங்கியது. திறந்து பார்த்தால் உள்ளே யாரும் இல்லை.

மூடிக் கிடந்த வீட்டின் உப்பு வாடை. அதற்குள் லேசாகக் கிராம்பு வாசனை. தமிழ்வாணன் ஓயாமல் கிராம்பு மெல்லுவான். பிரபாவதி கீபோர்டின்மேல் விரலை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

“ஈரக் காத்துல அப்படித்தான் அண்ணி இருக்கும்” என்றான் ஜெபகுமார். அவள் எதையும் கேட்கவே இல்லை.

செங்கல்பட்டு மாலைப் பத்திரிகை ஒன்றில் பக்கம் கட்டிக்கொண்டிருந்தவள் அவள். இரங்கல் பக்கம் அவள் பொறுப்பு. கணவன் மனைவி இருவரும் போய்ச் சேர்ந்திருந்தால் படங்களை அருகருகே வைப்பாள். அந்த வேலையை விடச் சொன்னவன் தமிழ்வாணன். “இன்னும் அஞ்சே வருசம் பிரபா. அப்புறம் பேப்பரே இருக்காது. கருமாதிப் பத்திரிகைகூட ஸ்கிரீன்லதான்.” பக்கத்தில் கட்டம் போட்ட ஒரு பெட்டி காலியாக இருந்தாலும் அது அச்சுக்குப் போகாது, கையில் கிடைத்ததைப் போட்டு நிரப்பிவிட வேண்டும் என்று அவள் ஒருமுறை சொன்னாள். அவன் அதை அப்படியே புரோகிராமில் எழுதிவிட்டான்.

‘இன்று காலமானார்’ பெட்டியைச் சோதித்துப் பார்க்கத் தன் படத்தையும் பெயரையுமே போட்டான். தேதி தானாக விழும். தளத்தின் தொடக்க நாளன்று அதை எடுக்க எல்லாரும் மறந்துபோனார்கள்.

காலையில் நண்பர்கள் போன் செய்து கிண்டலடித்தார்கள். “விளம்பரச் செலவு மிச்சம்டா” என்று அவனும் சிரித்தான். சாயங்காலம் ஸ்வீட் வாங்க மாமல்லபுரம் போனவனை மணல் லாரி அடித்துவிட்டது.

ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். ஆனால் அந்தப் பக்கம் மட்டும் தினமும் புதுத் தேதியோடு வந்துகொண்டிருந்தது. தமிழ்வாணன், இன்று காலமானார். மறுநாளும் இன்று. சிங்கப்பூரிலிருந்து, துபாயிலிருந்து யாராவது அழுதுகொண்டே போன் செய்வார்கள். “இன்னிக்கா? எப்படிம்மா?” ஒவ்வொருவருக்கும் அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சென்னையில் சர்வர் வைத்திருந்த கம்பெனியில் கேட்டால், “உங்க ஆபீஸ்லேர்ந்துதான் மேடம் ஏத்துறீங்க” என்றார்கள். பூட்டிய வீட்டிலிருந்து யார் ஏற்றுகிறார்கள் என்று கத்தினாள். லைனை வைத்துவிட்டார்கள்.

செத்தவன் ஒரு தடவை சாகட்டும். இன்று அவள் வந்தது அதற்குத்தான்.

படத்தை அழித்தாள். பெயரையும் அழித்தாள். மோடம் கீச்சிட்டு இரைந்து லைனைப் பிடித்தது. புதிய பக்கம் திரையில் மேலிருந்து வரி வரியாக இறங்கியது.

பெட்டி காலியாக இல்லை.

ஜெபகுமார், இன்று காலமானார்.

“அட, ஸ்டாஃப் போட்டோ வெச்சிருந்த இடத்துலேர்ந்து அதுவே எடுத்துக்கிச்சி” என்றான் ஜெபகுமார். சிரிப்பு பாதியில் நின்றது. “பேஜாரா கீது அண்ணி. மச்சான் செத்தும் புரோகிராம் சாவலயே. இருங்க, ஒரு டீ அடிச்சிட்டு வந்து பாக்குறேன்.”

“ரோட்டைத் தாண்டாதீங்க ஜெபா.”

“இன்னா அண்ணி நீங்க? படிச்சவங்க...”

போய்விட்டான்.

அவள் அந்தப் படத்தை அழித்தாள். அது திரும்ப வந்தது. மறுபடி அழித்தாள்.

மறுபடி வந்தது.

கிராம்பு வாசனை இப்போது அவள் தோளுக்குப் பின்னால் இருந்தது.

“போதாதா உங்களுக்கு?” திரும்பிப் பார்க்காமலே கிசுகிசுத்தாள். “என் வேலையத் தின்னீங்க. உங்க உசுரத் தின்னீங்க. இன்னும் யாரு வேணும்?”

சாலையில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது.

ஹாரன் ஓயவே இல்லை.

அவள் விரல்கள் தாமாக ஓடின. அவன் செத்த அன்று செங்கல்பட்டுப் பத்திரிகைக்குக்கூட அவள் எழுதித் தர மறுத்த வரி அது. தமிழ்வாணன், இன்று காலமானார். எழுதி முடித்து, அவன் படத்தையும் திரும்ப வைத்து அனுப்பினாள்.

டயர் தேய்கிற சத்தம். பிறகு மழை மட்டும்.

ஜெபகுமார் சேறும் சட்டைக் கிழிசலுமாக வாசலில் வந்து நின்றான். “உரசிக்கினு போய்ட்டான் அண்ணி. யாரோ காலரப் புடிச்சிப் பின்னால இழுத்தா மாதிரி...” கழுத்தைத் தடவிக்கொண்டான். திரையைப் பார்த்தான்.

அந்த வரியைத் திரும்ப அழிக்க அவள் துணியவில்லை. தினமும் தமிழ்வாணன் சாக, அவள் போன்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். போன்களும் ஒருநாள் நின்றுபோயின.

கம்பெனி மூழ்கியது. கம்ப்யூட்டர்களை எடைக்குப் போட்டார்கள். பங்களா இருந்த இடத்தில் இப்போது ரிசார்ட்டின் கார் நிறுத்தம். அந்த இணைய முகவரிக்கு யாரும் பணம் கட்டுவதில்லை. செங்கல்பட்டு மாலைப் பத்திரிகை இன்றும் வருகிறது.

பிரபாவதி திருப்போரூரில் மனை விற்கும் ஆபீஸில் விளம்பரம் வடிவமைக்கிறாள். அங்கே பிராட்பேண்ட் வந்துவிட்டது. எந்தப் படமும் கண் இமைப்பதற்குள் விழும். வருடத்தில் ஒருநாள், அவன் போன நாளன்று, அவள் அந்த முகவரியை அடித்துப் பார்ப்பாள்.

பக்கம் வரும். அன்றைய தேதி. அவன் படம்.

அதன் அருகே, ஒட்டினாற்போல, இன்னொரு பெட்டி. அது மட்டும் பழைய காலம்போல மேலிருந்து மெதுவாக இறங்குகிறது. முதல் வருடம் கறுப்பாக ஒரு கோடுதான் தெரிந்தது. அப்புறம் தலைமுடி என்று புரிந்தது. அவளைப் போலவே இடதுபக்கம் எடுத்த வகிடு. போன வருடம் நெற்றி வந்திருந்தது.

இன்று புருவம்வரை இறங்கியிருக்கிறது.