ஆள் வாடை இல்லாத வீடு

இரண்டு மழைக்காலம் பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு சிலந்தி வலைகூட இல்லை. மூலைக்கு மூலை தலையை நீட்டிப் பார்த்தான் துளசிங்கம். பல்லி இல்லை, கரப்பான் இல்லை, ஏரிக்கரை வீடுகளில் யாரையும் கேட்காமல் நுழைந்துவிடும் நண்டுகூட இல்லை. வேறொருவன் என்றால் அந்த இடத்திலேயே கொஞ்சம் யோசித்திருப்பான். துளசிங்கம், பெருக்கும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டான்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. துளசிங்கம் கோட்டைக்குத் துபாசி. அவர்கள் பேச்சை இவர்களுக்கும் இவர்கள் பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொல்வது வேலை. இரண்டு பக்கத்தையும் மட்டமாக நினைப்பது உபதொழில். ஒல்லாந்தர்கள் வேர்த்து வடியும் வெள்ளைப் பூசணிகள். ஊர் வியாபாரிகள் அத்தர் பூசிய அலட்டல்கள். மீன்பிடிக்கிறவர்களைப் பற்றி நினைப்பதே தண்டம். அதிலும் பெண்டாட்டி, பிள்ளை என்று குடும்பத்தைக் கட்டி அழுகிறவன் எந்த சாதியானாலும் அவனுக்கு மடையன்தான். நாற்பது வயதாகியும் தனிக்கட்டையாக இருப்பதை ஏதோ பட்டம் வாங்கியது மாதிரி சொல்லிக்கொள்வான்.

வீடு, தன் நாட்டுக்கே திரும்பிப் போய்விட்ட ஓர் ஒல்லாந்து வியாபாரியுடையது. விற்றுத் தரும் பொறுப்பைக் கோட்டைத் தலைவர் துளசிங்கத்தின் தலையில் கட்டியிருந்தார். கடலில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பல் கிளம்புவதற்குள் விற்காவிட்டால் துபாசி வேலை சிங்காரத்துக்குப் போய்விடும். சிங்காரம் நேற்றுவரை துளசிங்கத்துக்குக் குடை பிடித்தவன். இனி அவனுக்குத் துளசிங்கம் குடை பிடிக்க வேண்டியிருக்கும்.

வாங்க வந்தவர்கள் யாரும் விலையைக் கேட்கும் அளவுக்குக்கூட நிற்கவில்லை. கூடத்தில் நின்றார்கள், மூக்கை உறிஞ்சினார்கள், செருப்பைத் தேடினார்கள். கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். ஆள் வாடையே இல்லையே.

'வாடைதானே வேணும்? மூக்குமுட்டக் கொடுத்துட்டாப் போச்சு' என்று நினைத்தான் துளசிங்கம். கப்பல் மறுநாள் கிளம்புகிறது. கடைசி ஆசாமியாக முகம்மது இஸ்மாயில் மரைக்காயர் பிற்பகலில் வருவதாகச் சொல்லியிருந்தார். காலையிலேயே கரைக்குப் போய் எல்லப்பனையும், அவன் மனைவி இருசம்மாளையும், இரண்டு பிள்ளைகளையும் கூலிக்குப் பிடித்து வந்தான்.

"இன்னா சாமி, யாரு குடி வர்றாங்க?" என்று கேட்டாள் இருசம்மாள்.

"எவனும் வரல. நீ அடுப்ப மூட்டி மடவை மீனு கொழம்பு வை. உன் புருசன் முற்றத்துல குந்திக்கினு வலை பின்னட்டும். புள்ளைங்க ஓடட்டும், கத்தட்டும். மரைக்காயரு பாத்துட்டுப் போறவரைக்கும் இது குடித்தனம் நடக்கிற வூடு. முதல்ல பாலைக் காய்ச்சு. அந்த வாசனை வூடு பூரா நிக்கும்."

இருசம்மாள் கையிலிருந்த மீன் கூடையைக் கீழே வைத்தாள். "பாலு மட்டும் நான் காய்ச்ச மாட்டேன் சாமி. இருக்கப் போறவங்கதான் காய்ச்சணும். காய்ச்சிட்டு எழுந்து போனா வூடு வுடாது. இவுங்க நம்ம ஆளுனு புடிச்சிக்கும்."

"மீன் செதில் சுரண்டுறவ எனக்கு சாத்திரம் சொல்றியா?"

"சாத்திரம் இல்ல சாமி. பயம்."

அந்தப் பதில் அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்தான். பிறகு அவனே உட்கார்ந்து அடுப்பை மூட்டி, புதுப்பானையில் பாலை ஊற்றினான். வாழ்நாளில் அடுப்பு ஊதாதவன். புகையில் கண் எரிந்தது. பால் மெல்ல விளிம்புக்கு ஏறி, ஒரு கணம் நின்று, கிழக்குப் பக்கமாக வழிந்து நெருப்பில் விழுந்தது. சுர்ரென்ற அந்தச் சத்தம் சமையலறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, மூடியிருந்த அறைகளுக்குள் எல்லாம் போய்விட்டு வந்தது. வீடே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதாக அவனுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே கேவலமாக நினைத்துக்கொண்டான்.

திரும்பிப் பார்த்தபோது எல்லப்பன் வலையைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தான். பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். "போறோம் சாமி" என்றாள் இருசம்மாள். வர்றோம் என்று சொல்லவில்லை. கூலி கேட்கவில்லை. மீன் கூடையைக்கூட எடுக்கவில்லை.

"போங்கடி! உங்க நாத்தம் இல்லாமலே இந்த வூட்ட விக்கிறேன் பாரு" என்று தெரு முனை வரைக்கும் கேட்கக் கத்தினான்.

பிறகு கூடத்தில் கிடந்த ஒல்லாந்து நாற்காலியில் சாய்ந்து மரைக்காயருக்காகக் காத்திருந்தான். வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் சதுரமாகக் கிடந்தது, ஏரிப்பக்கமிருந்து உப்பும் சேறும் கலந்த காற்று வந்துவந்து நின்றது, தூரத்தில் யாரோ படகைத் தட்டிச் செப்பனிடும் சத்தம் தூக்கத்துக்கு இதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. கண் சொருகும் நேரத்தில் அந்த வாசனை வந்தது. கொதிக்கும் புளி, வதங்கும் பூண்டு, அதன் பின்னாலேயே தலைக்குத் தேய்த்த எண்ணெய், வெற்றிலை, வியர்வையில் நனைந்த குழந்தைத் தலையின் புளித்த வாடை. ஒரு வீட்டில் பல வருஷம் பலபேர் வாழ்ந்தால் வருமே, அது.

துளசிங்கம் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். கூலியை விட மனசு வருமா? புத்தி வந்து திரும்பிவிட்டாள் இருசம்மாள்.

சமையலறையில் அகப்பை சட்டியில் உரசியது. முற்றத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மாடிப்படியில் சின்னக் கால்கள் இறங்கி ஓடின.

அந்த வீட்டுக்கு மாடி கிடையாது.

எழுந்தான். பிள்ளைகள் எதன் மேலாவது ஏறிக் குதித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே பின்பக்க ஜன்னலுக்கு வந்தான். வெளியே ஏரி பளபளத்தது. நடு ஏரியில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. கோலைத் தள்ளுகிறவன் எல்லப்பன். முன்னால் இருசம்மாள். நடுவில் இரண்டு சின்னத் தலைகள்.

அகப்பை மறுபடி உரசியது.

"யாரு?" என்றான். அதட்டலாகத்தான் கேட்க நினைத்தான். கெஞ்சலாக வந்தது.

"நைனா, சாப்புட வா" என்றது ஒரு குழந்தைக் குரல்.

வாசலுக்கு ஓடினான். தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்து வெளியே காலை வைத்தான். கால் சமையலறைத் தரையில் பட்டது. திரும்பினான். பின்னால் கூடம் இருந்தது. மறுபடி ஓடினான். மறுபடி சமையலறை. அதே அடுப்பு. அதே பானை. அடுப்பு முன்னால் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு. ஈரத் தலைமுடி. பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குழந்தை. அப்பால் ஒரு கிழவர். அவர்களும் திரும்பவில்லை. தரையில் வாழையிலைகள் வரிசையாகப் போட்டிருந்தன. நடு இலை காலி.

"ஏய்... நான் கோட்டைத் துபாசி..."

காலி இலை முன்னால் முழங்கால் தானாக மடிந்தது. உட்கார்ந்தான். எழ முயன்றான். தரை விடவில்லை. ஜில்லென்று, அவனுடைய தொடையோடு, தரை ஒட்டிக்கொண்டது. பெண் பின்புறமாகவே கையை நீட்டிச் சோறு போட்டாள்.

அப்போது தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தர் வாசனை. அந்த வாசனையைக் கும்பிடலாம் போலிருந்தது. முகம்மது இஸ்மாயில் மரைக்காயர் வெளியே சமையலறை ஜன்னலண்டை வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

'என்னை வெளியே இழுங்க. வீட்டைச் சும்மாவே எடுத்துக்குங்க.' துளசிங்கம் வாயைத் திறந்தான். பெண்ணின் கை ஒரு கவளத்தை உள்ளே திணித்தது. தொண்டை வரைக்கும்.

மரைக்காயர் உள்ளே இருந்த அத்தனை முதுகையும், நடு இலையில் உட்கார்ந்திருந்தவனையும் நிதானமாகப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"நல்லா இருக்குய்யா! விக்கிறேன்னு என்னைய வரச்சொல்லிட்டு, பொண்டாட்டி புள்ளையோட நீரே பாலைக் காய்ச்சி உக்காந்துட்டீரா? ஆளு வாடை இல்லனு ஊரே சொல்லிச்சே, அந்தப் புரளிய கெளப்பினதும் நீருதான் போல. வெலைய எறக்கி நீரே அமுக்கிக்க! தூ!"

எச்சில் ஜன்னல் கட்டையில் விழுந்தது. "சிங்காரத்துக்கிட்ட சொல்லி வெக்கிறேன், கோட்டையில உம்ம யோக்கியத தெரியட்டும்."

துளசிங்கம் கண்ணால் கெஞ்சினான். தலையை ஆட்டினான். பசித்தவன் ஒருவன் மும்முரமாகச் சாப்பிடுகிறான் என்றுதான் வெளியிலிருந்து பார்த்தால் தெரிந்திருக்கும். செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து, நின்றது.

ஜன்னல் கதவைக் கிழவர் சாத்தினார்.

குழந்தை எழுந்து வந்தது. அவன் மடியில் ஏறி உட்கார்ந்தது. கனம் இல்லை, சூடு இல்லை. பிறகு முகத்தைத் திருப்பியது.

முகம் இல்லை. நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரே தோல். வழவழப்பாக.

அது அவன் வலது கையை எடுத்தது. ஆள்காட்டி விரலைத் தேர்ந்தெடுத்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து அழுத்தியது. தோல் மெத்தென்று உள்வாங்கியது. பிளந்தது.

விரல் உள்ளே போனது. உள்ளே பல் இருந்தது.