துடிப்பு தொண்ணூற்றொன்று

பதினோராவது 'ஆழ்கடல் உயிர்நீர்க் காவலரும்' ஒரு வாரம் முடிந்த மறுநிமிடமே ஓடிப்போனார் என்ற செய்தி வந்தபோது, பிலோமினா அடுத்த பெயரை எழுதவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தூத்துக்குடியில் மட்டுமல்ல, எங்குமே இப்போது வேலை விளம்பரம் என்றால் பதவிப்பெயர் மட்டும்தான். தகுதி, நேரம், நிபந்தனை என்று நீட்டி முழக்கினால் படிக்க ஆளில்லை. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் துடிப்பளவி இருக்கிறது. அதில் ஒரு பதவிப்பெயர் மின்னும். பார்த்ததும் இதயம் எவ்வளவு துள்ளுகிறது என்று கருவி அளக்கும். நூற்றுக்கு அறுபதைத் தாண்டினால் அந்த நொடியே நியமன ஆணை வந்துவிடும். நேர்காணலும் கிடையாது, சிபாரிசும் கிடையாது. 'எனக்கு வேண்டாம்' என்று வாயால் மறுத்தாலும் செல்லாது. வாய் பொய் சொல்லும், துடிப்பு சொல்லாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் வேலை பார்த்த பிறகுதான் விலகலாம்.

பிலோமினா பதினான்கு வருடமாகப் பதவிப்பெயர் எழுதுகிறாள். காவலரைத் தவிர அவள் எழுதியது எதுவும் இப்படிச் சந்தி சிரித்ததில்லை.

"இன்னும் கொஞ்சம் மினுக்குங்க மேடம்," என்றார் மேலாளர் கஸ்பார். "'நீலக்கடல் நாயகர்'னு போட்டா என்ன?"

"வர்றவங்களுக்குக் குறைச்சல் இல்ல சார். இருக்கிறவங்கதான் இல்ல."

அந்த வேலையைப் பார்க்க அவள் கிளம்பிப்போனாள். பெயர் எழுதுகிறவர்கள் யாரும் செய்யாத காரியம் அது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில், குழாய் வழியே கடல் வந்து விழுகிற ஆழமான கிணறு ஒன்று இருக்கிறது. ஜெல்லிமீன் என்கிற சொறிமீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து அதன் வலையை அடைத்துக்கொள்ளும். இயந்திரக் கையை விட்டால் அந்தக் கொழகொழப்பில் அதன் சக்கரமே சிக்கிவிடுகிறது. மனிதக் கைதான் அள்ளியாக வேண்டும். இல்லையென்றால் ஊருக்குத் தண்ணீர் இல்லை.

காவலர் ஓடும்போதெல்லாம் கிணற்றில் இறங்குகிறவர் பழைய முக்குளிப்பாளர் ராயப்பன். வயது அறுபத்தொன்று. ஆழத்து நீரழுத்தத்தில் அவருக்கு இடது காது போய்விட்டது. இன்னும் சில மாதம் இறங்கினால் வலது காதும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பிலோமினா போனபோது அவர் ஈரம் சொட்டச் சொட்ட மேலேறி வந்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அந்த வேலைக்குப் பேரு எழுதினது நான்தான். வந்தவங்க ஏன் போயிட்டாங்க?" என்று அவரது வலது காதருகே கத்தினாள்.

"காவலருன்னுலா போட்டிருந்திய. தொப்பி எங்க, துப்பாக்கி எங்கன்னு கேட்டாவ. சொறிமீனக் காட்டுனதும் மூஞ்சி தொங்கிப்போச்சி." அவர் சிரித்தார். "அவிய மேல தப்பில்ல தாயி. நீ வேற வேலைக்குலா கூப்புட்ட?"

பிலோமினாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் காது போனதில் தனக்கும் பங்குண்டு என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. இவர் இனி இந்தக் கிணற்றில் இறங்கக்கூடாது, என்ன ஆனாலும் சரி என்று முடிவு கட்டினாள்.

அங்கேயே, கிணற்று மேட்டில் நின்றபடி எழுதினாள்: 'இருட்டுக் கிணற்றில் இறங்கி, கை அரிக்க அரிக்கச் சொறிமீன் அள்ளி, ஊருக்குத் தண்ணீர் விடுபவர்.'

ஒரு பெயர் இதயங்களை எவ்வளவு துள்ளவைக்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் அலுவலகக் கருவியான முன்கணிப்பான் அதற்கு நூற்றுக்கு நான்கு போட்டது. நாற்பதுக்குக் குறைந்த பெயரை அது வெளியே விடாது. "பாத்தீங்களா?" என்றார் கஸ்பார்.

ஆனால் சட்டத்தில் யாரும் தொடாத ஒரு விதி இருந்தது. எழுதியவர் தன்னையே பிணையாக வைத்தால் எந்தப் பெயரையும் வெளியே ஓடவிடலாம். ஒரு நாளில் ஆள் வரவில்லையென்றால், வரும்வரை எழுதியவரே அந்த வேலையைப் பார்க்க வேண்டும்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா மேடம்?"

"தெரியாது சார்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

லட்சக்கணக்கான மணிக்கட்டுகளில் ஒன்றே ஒன்று துள்ளியது. மறுநாள் ஜெனோவா என்ற பெண் வந்து நின்றாள். கிணற்றை எட்டிப்பார்த்தாள், சொறிமீனைப் பார்த்தாள். "போட்டிருந்த மாதிரியேதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று, அவள் போகவில்லை. ராயப்பன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். பிலோமினாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். முன்கணிப்பானோ, வேலையில் நிலைத்து நின்றவர்களின் துடிப்பைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கருவி. கஷ்டத்தைச் சொன்னால் ஆள் நிலைக்கும் என்று அது கற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட பெயர்களுக்கே அள்ளி அள்ளி மதிப்பெண் போட்டது. அவற்றையே திரும்பத் திரும்பப் பார்த்த மணிக்கட்டுகளும் துள்ளப் பழகிக்கொண்டன. இரண்டே மாதத்தில் ஒரு கேக் கடை, கல்லாவில் உட்கார ஆள் தேடி 'அனலருகே நின்று, பசியோடு மல்லுக்கட்டி, ஊரைக் காப்பவர்' என்று போட்டது. மல்லுக்கட்ட வந்தவர்கள் குளுகுளு அறையைப் பார்த்துக் கடுப்பாகி, ஒரே வாரத்தில் ஓடினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அதே ஆலையின் கட்டுப்பாட்டு அறைக்கு ஆள் கேட்டு வந்தது. கஸ்பார் 'உயிருக்கும் சாவுக்கும் நடுவே' என்று ஆரம்பித்தார். பிலோமினா கேட்கவில்லை. 'நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கு சிவந்தால் பட்டனை அழுத்துபவர்' என்று எழுதினாள். முன்கணிப்பான் இரண்டு போட்டது. மறுபடியும் தன்னையே பிணையாக வைத்தாள்.

இம்முறை ஒரு மணிக்கட்டும் துள்ளவில்லை. ஆகவே அவளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். சொன்ன சொல் சொல்தான். நாளைக்கு ஒருவர் வருவார், வரும்வரை எழுந்திருப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள்.

பத்தாம் நாள் ராயப்பன் ஃபிளாஸ்கில் டீயோடு பார்க்க வந்தார். "இந்த வேலை நல்லாத்தான இருக்கு? ஏன் ஒருத்தரும் வரல?"

"நீங்க வாங்களேன் அண்ணாச்சி."

"நெஞ்சு துள்ளணும்லா? முப்பது வருசம் மூச்சடக்குன நெஞ்சு. எதுக்கும் துள்ளாது தாயி."

அப்போது பிலோமினாவின் மணிக்கட்டு மின்னியது. 'பொய்க்கடலில் தன்னந்தனியாக மூழ்கி, மூச்சு முட்ட முட்ட மெய்யை அள்ளி வருபவர்.'

அது அவள் விட்டுவந்த அதே பதவிப்பெயர் எழுதும் வேலைதான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. எழுதியது கஸ்பார் என்பதும், மினுக்கியது முன்கணிப்பான் என்பதும் தெரிந்தது. ஒவ்வொரு சொல்லும் எப்படிச் சேர்க்கப்பட்டது என்றுகூட அவளால் சொல்ல முடியும்.

இருந்தும் நெஞ்சு துள்ளியது. தொண்ணூற்றொன்று.

"வேண்டாம்!" என்று கத்தினாள். கருவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நியமன ஆணை வந்துவிட்டது.

ஓடிப்போன பதினொரு பேரையும் அவள் மனதுக்குள் ஏமாளிகள் என்றுதான் வைதிருந்தாள். இப்போது பன்னிரண்டாவதாகத் தானும் சேர்ந்துகொண்டாள்.

"ஒரு வாரந்தானே, போயிட்டு வா," என்றார் ராயப்பன்.

"போயிட்டு வந்து திரும்ப இங்கதான் உட்காருவேன் அண்ணாச்சி," என்று எழுந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

அவள் பின்னால் விளக்கு சிவந்தது. எந்த ஆணையும் இல்லாத ராயப்பன் நாற்காலியில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினார்.