மேடம் குடித்து முடிக்கட்டும்

"நான் சித்தி வீட்டுக்கு வரலை" என்று அறிவித்தாள் திருகாணி.

துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "நாளைக்குக் காலையில கிளம்பணும். பெட்டியில பாதி உன் துணிதான். இப்ப வந்து சொல்றியே, என்னடி விஷயம்?"

"நாம ஒரு வாரம் இல்லைன்னா மேடத்துக்கு யாரும்மா தண்ணி வைப்பாங்க?"

மேடம் ஒரு சாம்பல் நிறப் பூனை. மாடிப்படிக்குக் கீழே மூன்று குட்டிகளைப் போட்டுவிட்டு, வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக்குக் கவலையில்லை. காலையில் மீன் விற்க வரும் அக்கா நின்று போட்டுவிட்டுத்தான் போவார். தண்ணீர்தான் சிக்கல்.

"பெரிய வாளி நிறைய வச்சிட்டுப் போலாம்" என்றார் அப்பா.

"குட்டி உள்ள விழுந்துடுமேப்பா! தட்டுலதான் வைக்கணும். ஆனா தட்டுத் தண்ணி மத்தியானத்துக்குள்ள தீர்ந்துடும்."

"மாடி மாமாகிட்ட சொல்லேன்."

"அவரா?" திருகாணிக்குச் சிரிப்பு வந்தது. மாடியில் குடியிருந்தவருக்குப் பூனை பத்தடி தூரத்தில் வந்தாலே தும்மல் வரும். அதனால் அவருக்கு அச்சு மாமா என்றே பெயர்.

திருகாணி யோசித்தாள். எதைப் பார்த்தாலும் திருகிக் கழற்றிப் பார்ப்பாள் என்பதால் அவளுக்கு இந்தப் பெயர் வந்தது. பிறந்தநாளுக்குக் கிடைத்த மின்னணுப் பெட்டி அவளிடம் இருந்தது. அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பம்பு, நாம் எழுதும் விதிப்படி அதை ஓட்டி நிறுத்தும் ஒரு சின்ன கன்ட்ரோலர் பலகை, வண்ண வண்ணக் கம்பிகள்!

மூடி போட்ட வாளியில் தண்ணீர் நிரப்பி, பம்பை உள்ளே இறக்கினாள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாயைத் தட்டின் விளிம்புக்கு மேலே கொண்டுவந்து கட்டினாள். குழாயின் வாய் தட்டுத் தண்ணீரில் முழுகக் கூடாது. முழுகினால் பம்பு நின்றதும் தண்ணீர் வந்த வழியே வாளிக்குத் திரும்பிப் போய்விடும்.

தட்டு நிறைந்ததைப் பம்புக்கு யார் சொல்வது? அதற்குத்தான் இரண்டு கம்பிகள். ஒன்று தட்டின் அடியைத் தொட்டது. இன்னொன்றின் நுனி மேலே, விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது. தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டால், அதன் வழியே கொஞ்சம் மின்சாரம் ஓடும். உடனே பலகை பம்பை நிறுத்திவிடும். மேல் கம்பி காய்ந்தால் மறுபடி ஓட்டும். எல்லாம் டார்ச் செல்லில் ஓடுவதால் ஷாக் அடிக்கும் பயமில்லை.

தட்டு நிறைந்தது. பம்பு நின்றது. திருகாணி ஒரு குதி குதித்தாள்.

மேடம் மெல்ல நடந்து வந்து முகர்ந்தது. நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கியது.

கர்ர்ர்!

பம்பு உறுமியது. மேடம் நாலு காலையும் ஒன்றாகத் தூக்கிக் குதித்து, படிக்குக் கீழே பாய்ந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. ஒரு நக்கு. கர்ர்ர்! இந்தத் தடவை போனது போனதுதான்.

"பம்புக்கு விக்கல்!" என்று விழுந்து விழுந்து சிரித்தான் தம்பி வாலு.

திருகாணிக்கு அழுகை முட்டியது. தட்டில் தண்ணீர் இருந்தும் குடிக்க ஆள் வரவில்லையே! மேடம் குடிக்காவிட்டால் குட்டிகளுக்குப் பால் ஏது?

"வாலு, நீ கொஞ்ச நேரம் பூனையா இருக்கியா? எங்க தப்புன்னு நான் பாக்கணும்."

"பேருலயே வால் வச்சிருக்கேன். நானா மாட்டேன்னு சொல்வேன்?"

தட்டைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பியதும், வாலு மண்டியிட்டு நாக்கை நீட்டினான். ஒரு நக்கு. கர்ர்ர்! மூக்கில் தண்ணீர் தெறித்தது. இன்னொரு நக்கு. கர்ர்ர்!

"ச்சீ! ஒவ்வொரு வாய்க்கும் ஊத்தினா எப்படிக் குடிக்கிறது? குடிச்சு முடிக்க விடுக்கா!"

திருகாணி அவனையே உற்றுப் பார்த்தாள். பிறகு அவன் ஈரக் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள்.

"அதேதான்டா!"

ஒரு நக்கு நக்கினாலே மேல் கம்பியின் நுனி காய்ந்துவிடுகிறது. அது காய்ந்ததுமே பம்பு அவசரப்படுகிறது. மேல் கம்பிக்கும் அடிக் கம்பிக்கும் நடுவில் இன்னொரு கம்பியைத் தொங்கவிட்டாள். பலகைக்குப் புது விதியை எழுதினாள்: நடுக் கம்பி காய்ந்தால் பம்பை ஓட்டு. மேல் கம்பி நனைந்தால் நிறுத்து. தண்ணீர் இரண்டுக்கும் இடையில் இருந்தால், செய்துகொண்டிருப்பதையே செய். நிரப்பினால் நிரப்பு, சும்மா இருந்தால் சும்மா இரு.

வாலு மறுபடி பூனை ஆனான். ஒரு நக்கு, இரண்டு நக்கு, பத்து நக்கு. பம்பு வாயே திறக்கவில்லை.

"அக்கா, வயிறு ரொம்பிடுச்சு" என்று எழுந்து ஏப்பம் விட்டான்.

திருகாணி ஒரு கரண்டியால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். நடுக் கம்பி காய்ந்ததும் பம்பு ஓடியது. தட்டை ஒரே மூச்சில் நிரப்பிவிட்டு நின்றது.

ஆனால் மேடம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வண்டி வாசலில் நின்றது. "ஏறுடி, நேரமாச்சு!" என்றார் அம்மா.

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம்."

மேடம் படிக்குக் கீழிருந்து தலையை நீட்டியது. தட்டை ஒரு சுற்று சுற்றி வந்தது. ஒரு நக்கு. காதைப் பின்னால் மடக்கிக் காத்திருந்தது. சத்தமில்லை. இன்னொரு நக்கு. அப்புறம் நிறுத்தவே இல்லை.

திருகாணி ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். "பம்பு ஓடுதான்னு மட்டும் ஜன்னல் வழியாப் பாருங்க மாமா!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

மறுநாள் சாயங்காலம் சித்தி வீட்டிலிருந்து மாடி மாமாவுக்குப் போன் போட்டாள்.

"எல்லாம் பிரமாதம்மா. மத்தியானம் தட்டு குறைஞ்சது, பம்பு ஓடி நிரப்பிட்டு தானா நின்னுடுச்சு. மேடம் அப்ப தூங்கிட்டிருந்தாங்க. குட்டிகளும் ஜோரா... அ... அ... அச்சு!"

"மாமா, ஜன்னல்லேர்ந்துதானே பாக்கறீங்க?"

மறுமுனையில் ஒரு மெல்லிய "மியாவ்" கேட்டது.

"ஒண்ணு மடியில தூங்குதும்மா" என்றார் அச்சு மாமா கிசுகிசுப்பாக. "சத்தம் போடாதே. அச்சு!"