போத்தலில் சாய்ந்த கோடு

வாருங்கள், வந்து இந்த வாசலில் நில்லுங்கள். உடப்புசல்லாவைக்கு மேலே, மழை விடாத மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான மேல் லயத்தின் பதினோராம் காம்பிரா இது, ஒற்றை அறை வீடு. உள்ளே நடக்கும் அநீதியைக் கண்ணால் கண்டபின், எங்களுக்குத் தெரியாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.

முதலில் சாய்ந்தது ஒரு கோடு.

இந்தக் காம்பிராக்காரி சுலக்ஷனா, உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக மாறிவிட்ட பழைய துரை பங்களாவில் அறை துப்புரவு செய்பவள். அங்கே அறைக்கொரு வாசனைப் போத்தல். ஒவ்வொன்றிலும் எண்ணெயை உறிஞ்சி மணத்தைக் காற்றில் விடும் எட்டுக் குச்சிகள். வாரம் ஒருமுறை குச்சிகளைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அடிக்கடி திருப்பினால் எண்ணெய் சீக்கிரம் தீரும். காற்றடிக்கும் சன்னலோரம் ஆகாது. சிந்தினால் மேசையின் மெருகை உரித்துவிடும். அடியில் தட்டு வேண்டும். இவையெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

விடுதியில் கழித்துப்போட்ட ஒரு போத்தலை மனேஜரிடம் கேட்டு வாங்கி வந்தாள். போத்தலின் நடுவே தங்க நிற வளையம். எலுமிச்சைப்புல் மணக்கும் எண்ணெய் சரியாக அந்த வளையத்தில் நின்றது. ஆறு வயது மகள் லோஜினி படுக்கும் பலகைக் கட்டிலுக்கு மேலே, பின்சுவர்த் தட்டில், காற்றுப் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். அந்தச் சுவருக்குப் பின்னால் மலை. சுவரில் விரல் நுழையும் வெடிப்பு.

"வெள்ளிக்கிழமை சாம்பிராணி போதாதாக்கும்," என்றான் கணவன் ஜீவராஜ். "இனி குச்சியையும் கும்பிடணுமா?"

"கும்பிட வேணாங்க. மூக்கைப் பொத்தாம சோறு தின்னா போதும்."

ஈரச் சுவரின் பூஞ்சை நாற்றம் அடங்கியது. மூன்று வெள்ளிக்கிழமைகள் வீடு மணத்தது.

நான்காம் வெள்ளி, குச்சிகளைத் திருப்பக் கை நீட்டியவள் நின்றாள். எண்ணெய் சுவர்ப்பக்கம் வளையத்துக்கு மேலேறியும் வாசற்பக்கம் கீழிறங்கியும் கிடந்தது. எண்ணெய் பொய் சொல்லாது. போத்தல்தான் சாய்ந்திருக்க வேண்டும். கோணலாகக் கிடக்கும் எதையும் நிமிர்த்திவிடுவது விடுதி பழக்கிய கை. தேயிலைப் பெட்டி அட்டையை மடித்துப் போத்தலுக்கடியில் சொருகினாள். கோடு நேரானது.

மறு வாரம் மீண்டும் சாய்ந்தது. இன்னொரு மடிப்பு. அதற்கடுத்த வாரம் இரண்டு. ஆபத்தைக் கண்டு வாய்திறந்த ஒரே சாட்சியின் வாயை, அறியாமல், அவளே மடித்து மடித்து அடைத்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் இதே மழையில்தான் கீழ் லயத்தை மலை மூடியது. ஒன்பது பேரைத் தோண்டி எடுத்தார்கள். லோஜினி பெரியம்மா என்று கூப்பிட்ட அழகம்மாவை மட்டும் எடுக்கவில்லை. மண் நிறைய இருக்கிறது என்றார்கள். பிறகு அதிகாரிகள் வந்து, குடியிருக்கத் தகாத இடம் என்று மேல் லயத்துக் கதவுகளில் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். மாற்றுக் காணி அடுத்த மாதம் என்றார்கள். அந்தத் தாள் இன்று வெளுத்துக் கிடக்கிறது.

நாலு மடிப்புக்கும் சாய்வு அடங்காதபோது, சாய்வது போத்தல் அல்ல, வீடு என்று அவளுக்குப் பட்டது. மலையேறி வந்த, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு செல்லசாமியை வழியில் மறித்தாள்.

"ஐயா, வீடு சாயுதுங்க. போத்தல் எண்ணெயில தெரியுது."

"ஏம்மா, மட்டம் பார்க்க மேசன் இருக்கான். நீ சென்டு போத்தல்ல பார்க்கிறியா?" உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். "வெடிப்புல சீமெந்து பூசச் சொல்றேன். மேலிடத்துக்கு எழுதியாச்சு."

"எப்பங்க எழுதினீங்க?"

"எழுதியாச்சுன்னா எழுதியாச்சு."

அன்று மாலை ஜீவராஜிடம் மூட்டை கட்டச் சொன்னாள். அவன் அடுப்பில் விறகைத் தள்ளினான். "எங்க போறது? கினிகத்தேனையில உன் அக்கா வீட்டுல ஒரு அறைக்கு ஏழு பேரு. காம்பிராவ விட்டுப் போனா இங்க பேரு வெட்டிருவாங்க. அப்புறம் வேலையும் இல்ல, காணியும் இல்ல."

அவள் மூட்டைத் துணியை மறுபடி மடித்து வைத்தாள்.

ஏழாம் வாரம் வேறொன்றைக் கண்டாள். விரற்கடையளவாவது குறைந்திருக்க வேண்டிய எண்ணெய் வளையத்தைத் தாண்டி உயர்ந்திருந்தது. கண்ணாடிபோல் தெளிந்திருந்த எண்ணெய் கலங்கியிருந்தது. குச்சிகளைத் துடைத்த வெள்ளைத் துணியில் செம்மண். எலுமிச்சைப்புல்லுக்கடியிலிருந்து ஈரமண் வாசம் எழுந்தது. அதற்கும் அடியிலிருந்து வெற்றிலை, புகையிலை, முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம். மலைக்குள் கிடப்பவளின் வாசம்.

"அம்மா," என்றாள் லோஜினி, "அழகம்மா பெரியம்மா வந்துட்டுப் போனாங்களா?"

சுலக்ஷனா போத்தலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். கழுவினாள். வெறும் போத்தலைக் குச்சிகளோடு தட்டில் வைத்தாள்; எறிய ஏனோ கை வரவில்லை.

அடுத்த வெள்ளி, பிற்பகல் நான்கு மணிக்கே பனிமூட்டம் தேயிலையை விழுங்கிவிட்டது. மூன்று நாள் மழை. விடுதி அறையில் குச்சிகளைத் திருப்பிக்கொண்டிருந்தவள் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள். வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டு வந்த பிள்ளை வீட்டில் தனியே. குச்சி திருப்பக் கற்றுக்கொடுத்தவள் அவளே.

ஓடினாள்.

லயம் அமைதியாக இருந்தது. நாய்கள் இல்லை. வாசலில் கால் வைத்தபோது நிலம் மெத்தென்று அமிழ்ந்தது. கதவைத் தள்ளினாள். அசையவில்லை. நிலை கோணியிருந்தது, கதவு மரத்தோடு மரமாக இறுகிக் கிடந்தது.

"லோஜினி."

"வாரேம்மா. குச்சி திருப்பிட்டு வாரேன்."

சன்னல் கம்பி வழியே பார்த்தாள்.

கட்டில்மேல் பிள்ளை நின்றிருந்தது. பின்சுவர் உப்பியிருந்தது, மூச்சை இழுத்துப் பிடித்த வயிறுபோல. வெடிப்பு வாய் திறந்திருந்தது. போத்தல் நிறைந்திருந்தது. செம்மண் நிறம். கழுத்துவரை.

கோடு நேராக இருந்தது. வீடு நேராக இல்லை.

எட்டுக் குச்சிகள். எட்டு நுனிகளிலும் சேற்றுத்துளி. ஒன்று திரண்டது. விழவில்லை. சுவரை நோக்கி நகர்ந்தது.

"அம்மா, பெரியம்மா கை நீட்டுறாங்க."

வெடிப்புக்குள் ஏதோ வெளுப்பாக. ஐந்து விரல்.

பிள்ளையும் கை நீட்டியது.

சுலக்ஷனாவின் தோள் கதவில் மோதுகிறது. மீண்டும். மீண்டும். கதவில் ஒட்டிய தாள் அவள் கன்னத்தில் கிழிகிறது. கதவு திறக்கவில்லை.

வாசலில் நிற்கிறவர்களே, எழுதியாச்சு என்று நீங்களும் சொல்லாதீர்கள். இந்த மலையில் இதே சிவப்புத் தாள் ஒட்டிய கதவுகள் இன்னும் எத்தனையோ. மழை நிற்கவில்லை. வந்து தோள் கொடுங்கள்.