ஐம்பதுக்கு மேல்

காலை ஒன்பது மணிக்கும் அந்தப் பழைய ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளம் இருட்டாகத்தான் இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த புள்ளியியல்காரி விளக்கைப் போட்டாள். ஈரத்துணி வாடை. அவளுக்கு முன் அதே வேலையைப் பார்த்த அக்கா ஒருவர், வெளியே உள்ள நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கி மயங்கி விழுந்து இறந்துபோயிருந்தார். இதயக் கோளாறு என்று எழுதி மேலாளர் விஷயத்தை மூடிவிட்டார்.

இன்று மதியம் அதே தொட்டியில் ஆட்கள் இறங்கப்போகிறார்கள். அவர்களில் அவளுடைய தம்பியும் ஒருவன். போன வருடம் தொட்டிக்குள் பதிவான நச்சுவாயு அளவுகளை கம்ப்யூட்டரில் போட்டு, எந்த அளவு எத்தனை முறை பதிவானது என்று பட்டைப் படம் எடுத்து, 'ஆபத்தில்லை' என்று அவள் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

படம் அழகாக வந்தது. எல்லாப் பட்டைகளும் ஐம்பது என்ற ஆபத்தில்லாத அளவுக்குள் அடக்க ஒடுக்கமாக நின்றன. ஆனால் பட்டைகளைக் கூட்டிப் பார்க்காமல் எதையும் நம்பாத பிடிவாதக்காரி அவள். கூட்டினாள். மொத்தப் பதிவுகளில் நாற்பத்தொன்று குறைந்தது.

புரோகிராமைத் திறந்தாள். மேல் எல்லை ஐம்பது. அதைத் தாண்டியதையெல்லாம் அது ஒரு கடைசிப் பெட்டியில் தள்ளிவிடும். அந்தப் பெட்டி மட்டும் படத்தில் வராது.

பெட்டியில் நாற்பத்தொன்று இருந்தது.

கண்ணை இமைத்தாள்.

நாற்பத்திரண்டு.

போன வருடத்தோடு முடிந்துபோன பதிவு அது. இனி ஏற வழியே இல்லை.

நாற்பத்து மூன்று.

பிடரிக்குப் பின்னால் யாரோ மூச்சுக்குத் திணறி இழுப்பது கேட்டது. அவள் எழுந்து ஓடவில்லை.

"பயங்காட்டாதீங்கக்கா," என்று கிசுகிசுத்தாள். "நான் உங்க பக்கந்தான். உள்ளதை எழுதறேன்."

இழுப்பு நின்றது.

மேல் எல்லையை ஐந்நூறாக மாற்றினாள். வலக்கோடியில் ஒரே ஒரு பட்டை நெட்டுக்குத்தாக எழுந்தது. 'ஆபத்து, யாரும் இறங்கக் கூடாது' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மாடியேறி மேலாளரின் மேசையில் வைத்தாள்.

"கருவிக் கோளாறும்மா. அந்த நாப்பத்திச் சொச்சத்தையும் தூக்கிட்டு எடு. ஐம்பதோட நிறுத்தறதுதான் இங்க வழக்கம்."

"அந்த வழக்கம் ஏற்கெனவே ஒருத்தரை முழுங்கிடுச்சு சார். என் தம்பியையும் குடுக்க மாட்டேன். வேணும்னா முதல்ல நீங்க இறங்குங்க."

அவர் சிரித்தார். "வேலையை நிறுத்த உன் ஒருத்தி கையெழுத்து செல்லாது. ரெண்டு பேர் போடணும். இன்னொரு ஆளுக்கு எங்க போவ?"

கிழித்துப் போடத் தாளை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

அவளுடைய கையெழுத்துக்குக் கீழே, அவருக்கு நன்றாகத் தெரிந்த சாய்வான எழுத்தில், இன்னொரு கையெழுத்து இருந்தது. மை இன்னும் காயவில்லை.