இருபத்தோராவது தோட்டா

மழை இல்லை. சித்திரை வெயில் தகித்தது.

ஆனாலும் அந்த வெள்ளை மாருதி காரின் வைப்பர் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டே இருந்தது...

ஸ்டீயரிங் மேல் சரிந்து கிடந்தான் சிவபாண்டி. வயது முப்பத்து நான்கு. விழும்போது அவன் கை பட்டு வைப்பர் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். அதை நிறுத்த அவனிடம் உயிர் இல்லை.

டிரைவர் சீட்டின் முதுகில் ஓர் ஓட்டை. அவன் முதுகிலும்.

கொட்டாம்பட்டியிலிருந்து மதுரைக்கு வரும் நான்கு வழிச்சாலை. பாலம் வேலை நடப்பதால் எல்லா வண்டியும் ஊர்ந்து போகும் இடம். நடுத்தடுப்பு அரளிச் செடிகளில் மூக்கை நுழைத்து நின்றிருந்தது கார்.

இன்ஸ்பெக்டர் நாகஜோதி ஜீப்பை விட்டு இறங்கினாள். இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து ஆறு வாரம்தான் ஆகிறது.

சாலையோரம் தலையில் துண்டைப் போட்டு ஒரு பெரியவர் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். வீரணன். மாஜி ராணுவ வீரர், இப்போது கடலை விவசாயி. இறந்தவனின் மாமனார். போலீசுக்கு ஃபோன் செய்ததும் அவர்தான்.

"எந்திரிச்சு வாங்கய்யா... என்ன நடந்துச்சு?"

பெரியவர் அழுதுகொண்டே சொன்னார். காட்டுப்பன்றியிடமிருந்து வெள்ளாமையைக் காக்க லைசென்சோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். தேர்தல் அறிவித்துவிட்டார்கள். லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும். மதுரையில் உள்ள துப்பாக்கிக் கடையில் கொடுத்து ரசீது வாங்கத்தான் இந்தப் பயணம். கார் அவருடையது. ஓட்டத் தெரியாததால் மருமகனைக் கூப்பிட்டிருக்கிறார். இவர் பின் சீட்டில். துப்பாக்கி உறையோடு மடியில்.

ஒரு பள்ளம். கார் தூக்கிப் போட்டது. வெடித்துவிட்டது...

"உள்ள தோட்டா இருந்தத மறந்துட்டேன் தாயி. எம் மகளுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்..."

நடிப்பில்லை. நாகஜோதி பதினான்கு வருஷத்தில் எத்தனையோ அழுகையைப் பார்த்துவிட்டாள். இது நிஜ அழுகை.

ஏட்டு பேச்சிமுத்து காரின் டிக்கியைத் திறந்தார். சின்னத் தகரப் பெட்டி, பூட்டுப் போட்டு இருந்தது. சாவி வீரணனின் சட்டைப் பையில். கூடவே ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் லைசென்ஸ் புத்தகம், தோட்டா வாங்கிய பில், துப்பாக்கி நம்பர் எழுதிய தாள்... எல்லாம் வரிசையாக.

பேச்சிமுத்து உச்சுக் கொட்டினார். வீரணனை அவருக்குப் பல வருஷமாகத் தெரியுமாம். துப்பாக்கி ஓரிடம், தோட்டா வேறிடம், அதுவும் பூட்டித்தான் எடுத்துப் போவாராம். முன்பு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த காலத்தில் கரிமருந்து டப்பா வண்டியில் இருந்தால் யாரையும் பீடி பற்றவைக்க விடமாட்டாராம். இப்படிப்பட்ட மனுஷனுக்கா இந்தக் கதி என்றார்.

நாகஜோதிக்கும் மனசு கனத்தது.

விபத்து. அஜாக்கிரதையால் மரணம். அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும்...

மதியம் ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் வீரணனின் மகள் தமிழ்வாணியிடம் கையெழுத்து வாங்கினாள். அவள் அழவில்லை. வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் கோணல்மாணலாகப் பெயரை எழுதினாள்.

"கைல என்னம்மா?"

"விழுந்துட்டேன்" என்றாள். பிறகு, "அப்பா சாப்பிட்டாகளா?" என்று கேட்டாள்.

கணவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே... நாகஜோதிக்கு நினைவு வரவில்லை.

மாலை நாலு மணி. ஸ்டேஷனில் பேச்சிமுத்து தன் செல்ஃபோனை நீட்டினார். முகம் செத்திருந்தது.

"மேடம்... பறக்கும் படைக்காரங்க அனுப்புனது. காலைல இந்த வண்டியவும் செக் பண்ணியிருக்காங்க."

வீடியோ ஓடியது. சம்பவத்துக்கு இருபது நிமிஷம் முன்பு. கொட்டாம்பட்டிப் பக்கம் தேர்தல் சோதனை. வீரணன் தானாகவே இறங்குகிறார். உறையைப் பிரிக்கிறார். துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழலை வெயிலில் தூக்கிக் காட்டுகிறார். அதிகாரி போதும் என்கிறார். பெரியவர் விடவில்லை. நல்லா உள்ளாற பாருங்க சார் என்கிறார்.

குழலுக்குள் வெளிச்சம் தெரிந்தது.

காலி!

அடுத்து டிக்கி, தகரப் பெட்டி. அதிகாரி தோட்டாக்களை எண்ணுகிறார். இருபது. லைசென்ஸ் புத்தகத்திலும் இருபது.

நாகஜோதி அலமாரியிலிருந்து அதே தகரப் பெட்டியை எடுத்தாள். ஒவ்வொன்றாக மேஜைமேல் நிற்க வைத்தாள்.

பதினெட்டு... பத்தொன்பது... இருபது.

குறையவே இல்லை. அப்படியென்றால் சிவபாண்டியைக் கொன்ற தோட்டா?

பெரியவரை உள்ளே கூட்டி வரச் சொன்னாள். மேஜையைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அழவில்லை.

"பெட்டியில இருபதும் அப்படியே இருக்கே. அதுல ஒண்ண எடுக்காம வேற தோட்டா எதுக்குய்யா?"

"அது சர்க்கார் கணக்குத் தாயி. அதுல கை வைக்க மனசு வரல."

கூட்டாளி ஒருவர் சாகும் முன்பு கொடுத்ததாம். கணக்கில் இல்லாத ஒற்றைத் தோட்டா. வெகுகாலமாகப் பரணில் கிடந்தது. மகளின் கை ஒடிந்த நாளிலிருந்து மூன்று வாரமாக இடுப்பில் முடிந்து வைத்திருந்தார். சோதனை முடியும் வரை அதைத் துப்பாக்கியில் போடவில்லை. குண்டு போட்ட துப்பாக்கியோடு சர்க்கார் ஆள் முன்னால் நிற்பது தப்பு என்றார்.

நாகஜோதி எழுதிக்கொண்டாள்.

"போடக் கூடாதுன்னுதான் தாயி நெனச்சேன். பாலத்துக்கிட்ட கேட்டேன். 'மாப்பிள்ள, எம் மகள எங்கிட்டயே விட்ருங்க, நான் வச்சுக் கஞ்சி ஊத்திக்கிறேன்'னு. அவரு கண்ணாடியில என்னயப் பாத்துச் சிரிச்சாரு. 'அடுத்த வாட்டி கழுத்து'ன்னாரு..."

அதற்கு மேல் அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிழைத்திருக்கலாம்.

பேச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்ககிட்ட வந்திருக்கலாமேய்யா. அவன உள்ள தூக்கி வச்சிருப்போமே..."

வீரணன் நிமிர்ந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் நாகஜோதியை என்னவோ செய்தது.

"வந்தோமே தாயி. மூணு வாட்டி மகளிர் ஸ்டேஷனுக்கு வந்தோம். கடைசியா மாசி மாசம். நான் வெளிய மரத்தடியில நின்னேன். உள்ள எம் மக உங்க முன்னாலதான் நின்னா."

நாகஜோதியின் பேனா நின்றது.

மாசி மாசம்... பழைய ஸ்டேஷன்... ஒரே நாளில் நாற்பது மனு. உதடு வீங்கிய ஒரு பெண். பக்கத்தில் கை கட்டி நின்ற, தேன் ஒழுகப் பேசிய புருஷன். ஐந்தே நிமிஷம். ஒரு வெள்ளைத் தாள். அதில் இரண்டு கையெழுத்து. கீழே பச்சை மையில் மூன்றாவதாக...

தன்னுடையது.

"புருஷன் பொண்டாட்டி சமாதானமாப் போங்கன்னு எழுதி வாங்கி அனுப்பி வச்சீக" என்றார் வீரணன், விலங்குக்கு இரண்டு கைகளையும் நீட்டியபடி.

"எம் மகளால முடியல தாயி. மாப்பிள்ள சமாதானமாப் போயிட்டாரு."