மணல் வாசலில் கிராவல் சத்தம்

சிங்காரத்தின் வீட்டு வாசலில் இருப்பது மணல். கணுக்கால் புதைகிற மணல். அதில் சைக்கிள் ஓட்ட முடியாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். தள்ளினாலும் சத்தம் வராது. ஆனால் அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில், வலையில் ஒட்டியிருந்த பாசியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தபோது, சரளைக்கல்லை டயர் நசுக்குகிற சத்தம் தெருமுனையில் கிளம்பி, நாகம்மாள் வீட்டைத் தாண்டி, அடிபம்பைத் தாண்டி, நறநறவென்று நேராக அவர் வாசல்வரை வந்து நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தார். மணல்தான் இருந்தது. ஒரு கோடுகூட விழாத மணல்.

வயசாகிவிட்டால் காதும் பொய் சொல்லும் என்று நினைத்தார். மனிதனை நம்பாதவர் காதை மட்டும் நம்பிவிடுவாரா? ஆனால் உள்ளேயிருந்து பேத்தி ஓடிவந்தாள். வாசற்படியில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினாள், தூக்கி முன்னால் உட்கார வை என்று கேட்கிற பிள்ளை மாதிரி. பின்னாலேயே மருமகள் தேவி வந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது என்று அதிலேயே சிங்காரத்துக்குத் தெரிந்துபோனது.

அவர் மகன் ஜெகதீஸ்வரனுக்குச் சைக்கிள் பைத்தியம் பட்டணத்துக்காரர்களால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தடித்த டயரும் ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாருமாக ஒரு கூட்டம் திருப்பாலைவனம் வழியாக வந்து இறங்கும். நல்ல தார் ரோடு இருக்கும்போது கல்லில் ஓட்ட ஆசைப்படுகிறவனுக்கு மூளை எங்கே இருக்கும் என்று சிங்காரம் கேட்பார். மகன் சிரிப்பான். வயல் வரப்பு, பனங்காடு, உவர் நிலம், ஏரிக்கரைமேல் போகிற சிவப்பு கிராவல் ரோடு என்று சுண்ணாம்புக்குளம்வரை அவர்களுக்கு வழி காட்டியவன் அவன்தான். அவர்களில் பிராங்க்ளின் என்ற பையன் தன் பழைய சைக்கிளையே அவனுக்குக் கொடுத்துவிட்டான். சாயங்காலம் ஆனால் மகளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு கரைமேல் ஒரு சுற்றுப் போய்வருவான்.

கார்த்திகை மழையில் கரை உடைந்தது. அன்றைக்கும் சைக்கிள் கூட்டத்துக்கு முன்னால் போன ஜெகதீஸ்வரன் கையைத் தூக்கி மற்றவர்களை நிறுத்தினானாம். அவனால் நிற்க முடியவில்லையாம். பிராங்க்ளின் இந்த வீட்டு வாசலில் வந்து நின்று அழுதுகொண்டே சொன்னான். சைக்கிளும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. ஊரே படகை இறக்கித் தேடியது. சிங்காரம் ஒருத்தரையும் நம்பவில்லை. பிராங்க்ளினை நம்பவில்லை, போலீஸ்காரரை நம்பவில்லை, ஏரியையும் நம்பவில்லை.

"பொணத்தக் காட்டு, நம்புறேன்" என்றார். எல்லோரிடமும் அதையே சொன்னார்.

உடல் கிடைக்காதவனுக்கு வைக்கோலில் ஆள் கட்டி எரிப்பது அந்த ஊர் வழக்கம். சிங்காரம் கட்டவிடவில்லை. வைக்கோலை மாட்டுக்குப் போடுங்கள் என்றார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதற்கு ஊரில் முறை உண்டு, பாடு என்பார்கள். கோயில் முன்னால் ஊர்த்தலைவர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். இருக்கிறவன் இருக்கேன் என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராத பேர் பாட்டிலிருந்து போய்விடும். மாசியில் ஜெகதீஸ்வரன் பேரைக் கூப்பிட்டபோது கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. சிங்காரம் எழுந்து நின்று, "இருக்கான்" என்றார். செத்தவன் வந்து வலை கட்டப்போகிறானா என்று நாகம்மாள் பின்னாலிருந்து முணுமுணுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

வாசலில் சத்தம் வந்து நின்ற அன்று ராத்திரி சோறு போடும்போது தேவி ஆரம்பித்தாள்.

"மாமா, கோச்சிக்காதீங்க. பாடு கூப்புட்டப்ப இருக்கான்னு சொன்னீங்கல்ல. அன்னிலேர்ந்துதான் வராரு."

"வந்தா இன்னா? வரட்டும். என் புள்ளதான."

"பொணத்தக் காட்டுனா நம்புறேன்னு சொன்னீங்க. காட்டத்தான் வராருன்னு நெனைக்கிறேன்."

அவர் சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நேத்து நான் வர்றதுக்குள்ள பாப்பா படிய தாண்டிட்டா. காலு தரையில இல்ல மாமா. யாரோ கையில எடுத்துனு இருக்கிற மாதிரி இருந்தா. நான் புடிச்சி இழுத்தேன். அந்தப் பக்கமும் இழுத்துச்சு."

நாளைக்கு விடிந்ததும் பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்றால், அங்கே போகிற வழியெல்லாம் அவன் ஓட்டிய வழிதான் என்று சொல்லி அழுதாள். இருக்கான் என்று சொன்ன வாய்தான் இல்லை என்றும் சொல்ல வேண்டும், அதையும் ஆள் போன இடத்தில் நின்று சொல்ல வேண்டும் என்று நாகம்மாள் சொன்னதையும் சொன்னாள். சிங்காரம் கையைக் கழுவினார். மகன் போய்விட்டான் என்பதை அவர் இதுவரை மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

மறுநாள் பொழுது சாயும்போது அவர் கரைமேல் நடந்தார். காய்ந்த பாசியும் நண்டு ஓடும் சேர்ந்து அழுகிய வாடை காற்றில் வந்தது. ஏரி ஒரு பக்கம் ஈயம் மாதிரி அசையாமல் கிடந்தது. இன்னொரு பக்கம் உவர் நிலத்தில் முள்செடிகளின் நிழல்கள் நீண்டு நீண்டு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. தூரத்தில் ஏதோ படகின் இஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. அதன்பிறகு அவர் செருப்புக்குக் கீழே கல் நெரிகிற சத்தம் மட்டும்தான். சிறிது தூரம் போனதும் நின்று பார்த்தார். அவர் நின்ற பிறகும் கல் கொஞ்சம் நெரிந்துவிட்டுத்தான் நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை.

உடைந்த இடம் வந்தது. சிவப்பு ரோடு சட்டென்று முடிந்து, கறுத்த தண்ணீர். அதற்கு அப்பால் ரோடு ஒன்றுமே நடக்காதது போல மறுபடி தொடங்கிப் போனது. விளிம்பில் நின்றார். சொல்ல வேண்டியது சின்ன வார்த்தை. வாயைத் திறந்தார்.

"என் புள்ள..."

மீதி வரவில்லை. இருமினார். மறுபடி தொடங்கினார். மறுபடியும் அந்த இடத்திலேயே நின்றுபோனது.

அப்போது சத்தம் கேட்டது. பின்னாலிருந்து அல்ல. எதிரிலிருந்து. ரோடே இல்லாத இடத்தில், தண்ணீர்மேல், நிதானமாகக் கல்லை நசுக்கிக்கொண்டு. வாடை முதலில் வந்தது. ஏரியின் அடிச்சேறு. துரு. பிறகு வளைந்த ஹேண்டில்பார். அதைப் பிடித்திருந்த கைகள். தண்ணீர் அசையவில்லை.

சைக்கிள் அவர் முன்னால் நின்றது. ஒரு கால் கீழே ஊன்றியது. ஜெகதீஸ்வரன் எப்போதும் ஊன்றுவது இடது கால். இதுவும் இடது கால்.

முகம் தெரியவில்லை. சேறு. நெற்றியிலிருந்து கழுத்துவரை வழுவழுவென்று கறுத்த சேறு.

முகத்தைப் பார்த்துவிட்டால் சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. பார்த்துவிட்டால் போதும். இது அவன்தான் என்று தெரிந்துவிட்டால், போய்விட்டான் என்றும் சொல்லிவிடலாம். பாப்பாவை விட்டுவிடு என்றும் சொல்லிவிடலாம்.

"கிட்ட வாடா" என்றார்.

அது குனிந்து முகத்தை அவரிடம் நீட்டியது. தோள் துண்டை எடுத்தார். ஒரு தடவை வழித்தார். சேறு வந்தது. கீழேயும் சேறு. உதறிவிட்டு மறுபடி வழித்தார். குளிர்ந்த சேறு. துண்டு நனைந்து கனத்துப்போனது. அதைப் போட்டுவிட்டுக் கையாலேயே வழித்தார். மூக்கு இருக்க வேண்டிய இடம். இல்லை. கண். இல்லை. இன்னும் கொஞ்சம். விரல் உள்ளே போனது. கை போனது. அது முகத்தை விலக்கவில்லை. பொறுமையாக நீட்டிக்கொண்டே இருந்தது.

இருட்டிவிட்டது.

"இருடா. இருடா நைனா. தோ வந்துரும்."

மணிக்கட்டு. முழங்கை. முகம் வரவில்லை. காலடியில் வழித்துப் போட்ட சேறு அவர் முழங்கால்வரை ஏறியிருந்தது. அவர் கையை இன்னும் உள்ளே விட்டார்.

ஆழத்தில், ஏதோ ஒன்று அவர் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டது. சின்னதாக. இறுக்கமாக. ஜெகதீஸ்வரன் பிறந்த அன்றைக்குப் பிடித்ததுபோல.